டெண்டர்னா என்ன, மஸ்டர்னா என்ன: பினாங்குல குரூஸ் ஏறப் போறவங்க தெரிஞ்சிக்க வேண்டிய கப்பல் வார்த்தைங்க

போன வருஷக் கடைசி பள்ளி விடுமுறையில எங்க குடும்பத்துல பதினொரு பேர் சேர்ந்து பினாங்கு ஸ்வெட்டன்ஹாம் பியர்ங்கற கப்பல்துறையில இருந்து தாய்லாந்து புக்கெட்டுக்கு குரூஸ் போனோம். அம்மாவுக்கு 71 வயசு, கெடா பக்கம் ரப்பர் தோட்டத்துல பொறந்து வளந்தவங்க, மலாய் சரளமா பேசுவாங்க, இங்கிலீஷ் ஓரளவுக்குத்தான். கப்பல்ல ஏறி ஒரு மணி நேரம் ஆகல, ஸ்பீக்கர்ல அறிவிப்பு மேல அறிவிப்பு, மஸ்டர்ங்கறான், ஸ்டார்போர்ட்ங்கறான், டெண்டர்ங்கறான், அம்மா என் கையைப் புடிச்சிகிட்டு "என்னடி சொல்றான், கப்பலுக்கு ஏதும் ஆயிடுச்சா"ன்னு கேக்குறாங்க. எனக்கே பாதி புரியல, அதான் உண்மை. அந்த நாலு நாள்ல கேட்டுக் கேட்டு தெரிஞ்சிக்கிட்டதையும், அதுக்கப்புறம் படிச்சதையும் இங்க எழுதுறேன். எல்லா வார்த்தையும் மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல, ஆனா இதுல சிலது தெரியாமப் போனா கப்பலையே விட்டுடுவீங்க, சிலது தெரியாமப் போனா காசு போகும், அதை மட்டும் நல்லா மனசுல வாங்கிக்கங்க.

முதல்ல குழப்புற வார்த்தை போர்ட். போர்ட்னா துறைமுகம், அது நமக்குத் தெரியும், ஆனா கப்பலுக்குள்ள போர்ட்னா இடது பக்கம்னும் அர்த்தம். ஸ்டார்போர்ட்னா வலது பக்கம். எந்தப் பக்கம் பார்த்து இடது வலதுன்னு கேட்டா, கப்பலோட மூக்கைப் பார்த்து நின்னுகிட்டு. நீங்க திரும்பி நின்னாலும் போர்ட் போர்ட்தான், மாறாது. அதுக்காகத்தான் இந்த வார்த்தையே வச்சிருக்காங்க, ஏன்னா லெஃப்ட் ரைட்னு சொன்னா ஆளு திரும்பினா மாறிடும். பழைய காலத்துக் கப்பல்ல சுக்கான் பின்னாடி நடுவுல இருக்காது, வலது பக்கத்துல ஒரு பெரிய துடுப்பு மாதிரி கட்டியிருப்பாங்க, ஸ்டியர் பண்ற பக்கம்ங்கறதுதான் தேய்ஞ்சி ஸ்டார்போர்ட் ஆச்சு. வலது பக்கம் சுக்கான் இருக்கறதால கரையில இடிச்சி உடைஞ்சிடக் கூடாதுன்னு இடது பக்கத்தைக் கரைக்குக் குடுத்துக் கட்டுவாங்க, துறைமுகம் பக்கம் இருக்கறது போர்ட். முன்னாடி இடது பக்கத்துக்கு லார்போர்ட்னுதான் பேரு, ஸ்டார்போர்ட் லார்போர்ட் ரெண்டும் காத்து அடிக்கிற சத்தத்துல ஒரே மாதிரி கேட்டுத் தொலைச்சதால 1844ல பிரிட்டிஷ் கடற்படை இனிமே போர்ட்னுதான் சொல்லணும்னு உத்தரவு போட்டுச்சு.

ராத்திரியில கப்பலுக்கு இடது பக்கம் சிவப்பு விளக்கு, வலது பக்கம் பச்சை விளக்கு எரியும், இது உலகம் பூரா ஒரே சட்டம். இதை ஞாபகம் வச்சிக்க இங்கிலீஷ்காரங்க என்னென்னமோ வழி சொல்லுவாங்க. அம்மா ஒரே வரியில முடிச்சிட்டாங்க, "அர்த்தநாரீஸ்வரர்ல அம்பாள் இடது பக்கம், அம்பாளுக்கு குங்குமம், குங்குமம் சிவப்பு, அவ்ளோதான்". அதுக்கப்புறம் எனக்கு மறக்கவே இல்ல. நீங்க ராத்திரி எஸ்பிளனேட்ல நின்னு கடலைப் பாருங்க, ஒரு கப்பல் சிவப்பு மட்டும் காட்டிக்கிட்டு போச்சுன்னா அதோட இடது பக்கம் உங்களுக்குத் தெரியுது, சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிஞ்சா அது உங்களை நோக்கி வருது.

மூக்குப் பக்கம் பேரு பௌ, நம்ம மீனவங்க அணியம்னு சொல்லுவாங்க. பின்பக்கம் ஸ்டெர்ன். அறிவிப்புல பெரும்பாலும் இப்படி வராது, ஃபார்வர்ட், மிட்ஷிப், ஆஃப்ட்னு வரும், அதாவது முன்பகுதி, நடுப்பகுதி, பின்பகுதி. லிஃப்ட் பக்கத்துல சுவத்துல இதைத்தான் எழுதி வச்சிருப்பாங்க. பெரிய கப்பல்ல இது முக்கியம், ஏன்னா தாழ்வாரம் ஒரே நீளமா முடிவே இல்லாம போகும், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கதவு, அத்தை முதல் நாள் ரூமைத் தேடி அரை மணி நேரம் அலைஞ்சி அழாத குறையா வந்து நின்னாங்க. ரூம் நம்பரைப் படிக்கக் கத்துக்கிட்டா போதும். 9148னா 9 வந்து டெக், அதாவது மாடி, மிச்சம் நம்பர், பெரும்பாலான கப்பல்ல முன்னாடி சின்ன நம்பர்ல ஆரம்பிச்சி பின்னாடி போகப் போகக் கூடும், நிறைய கம்பெனியில ஒரு பக்கம் ஒற்றைப்படை மறு பக்கம் இரட்டைப்படைன்னு பிரிச்சிருப்பாங்க. 13வது டெக் பல கப்பல்ல இருக்காது, 12க்கு மேல 14தான், லிஃப்ட் கெட்டுப் போச்சோன்னு நினைக்காதீங்க. ரூம் சுவரும் கதவும் பெரும்பாலும் இரும்புத் தகடு, நாங்க ஃபிரிட்ஜ்ல ஒட்டுற பிள்ளையார் காந்தத்தை எடுத்துட்டுப் போயி கதவுல ஒட்டினோம், அதுக்கப்புறம் அத்தை தொலையவே இல்ல.

டெக்ங்கற வார்த்தையைக் கேட்டதும் அம்மா தாத்தாவைப் பத்திப் பேச ஆரம்பிச்சாங்க. தாத்தா நாகப்பட்டினத்துல இருந்து ராஜுலா கப்பல்ல பினாங்கு வந்தவரு. 1926ல கட்டின கப்பல், பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியோடது, மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர்னு ஓடிக்கிட்டே இருக்கும், நம்ம ஆளுங்கள்ல எத்தனையோ குடும்பம் மலாயாவுக்கு வந்தது அதுலதான். அந்தக் காலத்துல டெக் பாசஞ்சர்னா ரூம் கிடையாது கட்டில் கிடையாது, டெக்ல ஒரு பாயை விரிச்சி இடம் புடிச்சிக்கணும், மழை வந்தாலும் வெயில் வந்தாலும் கரை சேர வரைக்கும் அந்தப் பாய்தான் வீடு. எங்க வீட்டுல தாத்தாவோட தகரப் பொட்டி இன்னும் இருக்கு. அதே வார்த்தை இப்ப வெறும் மாடி நம்பர் ஆயிடுச்சு, 11வது டெக்ல புஃபே, 5வது டெக்ல கடைன்னு. அம்மா அன்னைக்கு சாயங்காலம் பிராமனேட் டெக்ல, அதான் கப்பலைச் சுத்தி நடக்கறதுக்கு விட்டிருக்கற திறந்த மாடி, அங்க போய் கம்பியைப் புடிச்சிகிட்டு ரொம்ப நேரம் தண்ணியையே பாத்துக்கிட்டு நின்னாங்க, நான் ஒண்ணும் பேசல.

லிடோ டெக்னு ஒண்ணு சொல்லுவாங்க, அது நீச்சல் குளம் இருக்கற மாடி, பக்கத்துலயே புஃபே இருக்கும், பிள்ளைங்களைக் காணோம்னா அங்கதான் தேடணும்.

இப்ப புக்கிங் பண்றப்ப வர்ற வார்த்தைங்க. இன்சைட் கேபின்னா ஜன்னலே இல்லாத ரூம், விளக்கை அணைச்சா பகலா ராத்திரியான்னே தெரியாது, விலை கம்மி. ஓஷன்வியூன்னா திறக்க முடியாத ஜன்னல், பழைய கப்பல்ல வட்டமா இருந்தா அது போர்ட்ஹோல். பால்கனி தெரியும், சூட்னா பெரிய ரூம். கேபினையே சில கம்பெனி ஸ்டேட்ரூம்னு எழுதும், ரெண்டும் ஒண்ணுதான், ஸ்டேட்ரூம்னா ஏதோ உசத்தின்னு நினைச்சி கூடக் காசு குடுத்துடாதீங்க. அப்ஸ்ட்ரக்டட் வியூன்னு இருந்தா ஜன்னல் இருக்கு ஆனா அதுக்கு நேரா லைஃப்போட் தொங்குதுன்னு அர்த்தம், பகல் வெளிச்சம் வரும் கடல் சரியாத் தெரியாது, எனக்கு அது பரவாயில்லன்னுதான் படுது, விலை குறைஞ்சா எடுத்துக்கங்க. கேரண்டி கேபின்ங்கறதுதான் பல பேரு ஏமாறுற இடம், பேரைப் பார்த்தா ஏதோ உத்தரவாதம் மாதிரி இருக்கும், ஆனா அர்த்தம் என்னன்னா எந்த வகை ரூம்ங்கறது மட்டும்தான் உறுதி, எந்த மாடி எந்த மூலைங்கறதை கம்பெனி கடைசியில அவங்க இஷ்டத்துக்குக் குடுப்பாங்க. வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறீங்க, பக்கத்துப் பக்கத்து ரூமா வேணும்னா கேரண்டி எடுக்காதீங்க.

விலையில டபுள் ஆக்குபன்சின்னு போட்டிருந்தா அது ஒரு ரூம்ல ரெண்டு பேர் தங்கினா ஆளுக்கு எவ்வளவுங்கற கணக்கு. தனியாப் போறவங்களுக்கு சிங்கிள் சப்ளிமென்ட்னு ஒண்ணு சேர்ப்பாங்க, சில சமயம் கிட்டத்தட்ட ரெண்டு ஆள் காசே வந்துடும். விளம்பரத்துல பெருசாப் போட்டிருக்கற விலையில போர்ட் சார்ஜ் சேர்ந்திருக்கா இல்லையான்னு கேளுங்க, அது துறைமுகத்துக்குக் கட்டுற காசு, தனியா வந்தா கணக்கு நல்லாவே ஏறும்.

கேஎல்காரங்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். ஸ்வெட்டன்ஹாம் பியர்ங்கறது பினாங்குல, ஜார்ஜ்டவுன் மணிக்கூண்டுக்குப் பக்கத்துல. போர்ட் ஸ்வெட்டன்ஹாம்ங்கறது போர்ட் கிள்ளானோட பழைய பேரு, 1972ல பேரு மாத்திட்டாங்க, ஆனா பெரியவங்க வாயில இன்னும் பழைய பேருதான் வரும். ரெண்டுக்கும் பேரு அதே ஸ்வெட்டன்ஹாம் துரைதான், அதனால டிக்கெட்ல எம்பார்கேஷன் போர்ட்னு எங்க போட்டிருக்குன்னு ரெண்டு தடவை பாருங்க. எம்பார்க்னா ஏறுறது, டிஸெம்பார்க்னா இறங்குறது, சில கம்பெனி டிபார்க்னு எழுதும், அதுவும் இறங்குறதுதான். போர்ட் ஆஃப் கால்னா நடுவுல நிக்கிற ஊரு. ஸீ டேன்னா எங்கயும் நிக்காம நாள் பூரா கடல்லயே போற நாள்.

பியர்ல நிக்கறப்ப கொஞ்சம் நிதானமா கப்பலைப் பாருங்க. கப்பலைக் கரையோட கட்டியிருக்கற தடிமனான கயிறு மூரிங் லைன், அதைச் சுத்தி மாட்டியிருக்கற குட்டையான இரும்புத் தூண் பொல்லார்ட். கப்பல்ல யாரும் கயிறுங்கற அர்த்தத்துல ரோப்னு சொல்ல மாட்டாங்க, வேலைக்குப் போயிட்டா அது லைன்தான். அந்தக் கயித்துல நடுவுல சட்டிமூடி மாதிரி வட்டமா ஒரு தகடு மாட்டியிருக்கும், தம்பி மவன் அது என்னன்னு கேட்டுக்கிட்டே இருந்தான், அது ரேட் கார்ட், அதாவது எலித் தடுப்பு, எலி கயித்து மேல நடந்து கப்பலுக்குள்ள போகாம இருக்க. கரையில இருந்து கப்பலுக்குப் போற நடைபாலம் கேங்வே. அங்க உங்க கார்டைத் தட்டினாதான் உள்ள விடுவாங்க, அந்தக் கார்டு ஒண்ணே ரூம் சாவி, அதே ஐசி, அதே பர்ஸ், கழுத்துல மாட்டிக்கறது நல்லது.

இனி மஸ்டர். இதை தயவுசெஞ்சி அலட்சியமா எடுத்துக்காதீங்க. அம்மாகிட்ட நான் மஸ்டர் ட்ரில்லை எப்படிச் சொல்லிப் புரிய வைக்கறதுன்னு யோசிச்சிக்கிட்டு இருந்தேன், அவங்களே "பெரட்டு மாதிரியா"ன்னு கேட்டாங்க. அதேதான். தோட்டத்துல விடியக்காலையில இருட்டோட பெரட்டுக்குப் போயி வரிசையா நின்னு, கிராணி, அதான் தோட்டத்துக் கணக்கரு, பேரு கூப்பிட்டு ஆளை எண்ணுவாரு இல்ல, அதுக்கு இங்கிலீஷ்ல மஸ்டர்தான். கப்பல்ல ஆபத்துன்னா ஒவ்வொருத்தரும் எந்த இடத்துல போய் நிக்கணும்னு முன்னாடியே பிரிச்சி வச்சிருப்பாங்க, அந்த இடம் மஸ்டர் ஸ்டேஷன், உங்க கார்டுலயே ஒரு எழுத்தும் நம்பருமா அச்சடிச்சிருக்கும். அங்கதான் ஆளை எண்ணுவாங்க.

ஆபத்துச் சங்கு எப்படி இருக்கும்னா ஏழு தடவை சின்னதா, கடைசியா ஒரு தடவை நீளமா. இந்த ஒண்ணை மட்டும் பிள்ளைங்களுக்கும் சொல்லிக் குடுங்க. கேட்ட உடனே லிஃப்ட்ல போகாதீங்க, படியில போங்க, சாமான் எடுக்க நிக்காதீங்க, தினம் சாப்பிடுற மருந்து கைக்கு எட்டுற தூரத்துல இருந்தா அதை எடுத்துக்கங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு அளவான லைஃப் ஜாக்கெட் ரூம்ல இல்லன்னா அன்னைக்கே கேட்டு வாங்கி வைங்க, பெரியவங்களோடதை மாட்டி விட்டா நழுவிடும்.

இந்த ட்ரில் ஏன் இவ்வளவு கண்டிப்புன்னா, 1912ல டைட்டானிக் மூழ்கினதுக்கு அப்புறம்தான் 1914ல நாடுங்கெல்லாம் சேர்ந்து சோலாஸ்னு கடல் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டாங்க. அதுல ரொம்ப நாளா, கப்பல் கிளம்பி 24 மணி நேரத்துக்குள்ள ட்ரில் நடத்தினா போதும்னுதான் இருந்துச்சு. 2012 ஜனவரியில இத்தாலிகிட்ட கோஸ்டா கொன்கோர்டியா பாறையில மோதி 32 பேர் செத்தாங்க, அன்னைக்கு சாயங்காலம் ஏறின நூத்துக்கணக்கான பேருக்கு ட்ரில்லே நடக்கல, எங்க போய் நிக்கணும்னு தெரியாம இருட்டுல தவிச்சிருக்காங்க. அதுக்கப்புறம் விதியை மாத்தி 2015ல இருந்து கப்பல் கிளம்பறதுக்கு முன்னாடியோ கிளம்பின உடனேயோ நடத்தியே ஆகணும்னு ஆயிடுச்சு. இப்ப பல கப்பல்ல வீடியோவை போன்ல இல்ல டிவியில பார்த்துட்டு, உங்க ஸ்டேஷனுக்குப் போயி கார்டைத் தட்டிட்டு வந்தா போதும், கோவிட்டுக்கு அப்புறம் வந்த பழக்கம் இது. சுலபமா இருக்குன்னு சும்மா தட்டிட்டு வந்துடாதீங்க, ரூம்ல இருந்து அங்க படியில ஒரு தடவை நடந்து பாருங்க.

அறிவிப்புல ஆல்ஃபா, பிராவோ, ஆஸ்கார்னு திடீர்னு வந்தா அது சிப்பந்திங்களுக்கான ரகசிய வார்த்தை. நிறைய கப்பல்ல ஆல்ஃபா யாருக்கோ உடம்பு சரியில்லங்கறதுக்கு, பிராவோ தீக்கு, ஆஸ்கார் ஆளு கடல்ல விழுந்ததுக்கு, கம்பெனிக்குக் கம்பெனி மாறும், நீங்க ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல, வழி விட்டு நின்னா போதும். ஆனா யாராவது விழுந்ததை நீங்களே பார்த்துட்டா, மேன் ஓவர்போர்ட்னு கத்துங்க, பக்கத்துல மிதவை இருந்தா தூக்கிப் போடுங்க, விழுந்த இடத்தை விரலால காட்டிக்கிட்டே இருங்க, கண்ணை எடுக்காதீங்க. அலையில ஒரு தலை எவ்வளவு சீக்கிரம் மறைஞ்சிடும்னு கரையில இருக்கறவங்களுக்குத் தெரியாது.

அடுத்தது டெண்டர். டெண்டர்னா நமக்கு காண்ட்ராக்ட் டெண்டர்தான் ஞாபகம் வரும். இங்க அது சின்னப் படகு. சில ஊர்ல பெரிய கப்பல் கரைக்கு வர ஆழம் இருக்காது, இல்ல பியர் இருக்காது, அப்ப கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நிக்கும், ஆளுங்களை சின்னப் படகுல ஏத்தி இறக்குவாங்க, பல கப்பல்ல லைஃப்போட்டையே இதுக்கு இறக்குவாங்க. புக்கெட்ல பட்டோங் கடற்கரைப் பக்கம் நிக்கிற கப்பல்கள்ல இப்படித்தான். டெண்டர் டிக்கெட்னு நம்பர் குடுப்பாங்க, காசு கிடையாது, கிளினிக்ல குடுக்கற நம்பர் மாதிரி. சீக்கிரம் இறங்கணும்னா காலையில பசியாறறதுக்கு முன்னாடியே போய் நம்பர் வாங்கிடுங்க. முட்டி வலிக்காரங்க ஒண்ணு தெரிஞ்சிக்கணும், படகும் கப்பலும் தனித்தனியா ஆடும், நடுவுல ஒரு அடி தாண்டணும், சிப்பந்தி ரெண்டு பேர் முழங்கையைப் புடிச்சி "இப்ப"ன்னு சொல்ற நேரத்துல கால் வைக்கணும், அவங்க சொல்றதுக்கு முன்னாடி வைக்கவே கூடாது. அலை ஜாஸ்தியா இருந்தா அந்த ஊரையே ரத்து பண்ணிடுவாங்க, சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல.

அங்கதான் எங்களுக்கு நடந்துச்சு. ஷிப்ஸ் டைம்னு ஒண்ணு இருக்கு, கப்பலோட நேரம். தாய்லாந்து நம்மளைவிட ஒரு மணி நேரம் பின்னாடி. எங்க கப்பல் மலேசியா நேரத்தையே வச்சிக்கிட்டு போச்சு, ஆனா கரையில இறங்கின உடனே போன் தானா தாய்லாந்து நேரத்துக்கு மாறிடுச்சு. கடைசி டெண்டர் 4:30ன்னு சொல்லியிருந்தாங்க. தம்பி குடும்பம் தனியா கடைவீதிக்குப் போயிட்டாங்க, நாங்க ஜெட்டியில நிக்கிறோம், என் கையில கட்டியிருக்கற பழைய கடிகாரத்துல 4:10, போன் பண்ணினா தம்பி சாவகாசமா "அக்கா மணி 3:10தான ஆகுது, இன்னும் நேரம் இருக்கு"ங்கறான். எனக்கு வயித்துல புளியைக் கரைச்சிடுச்சு. துக்துக் புடிச்சி, பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடி வந்து, கடைசிப் படகுல கடைசி ஆளா ஏறினாங்க. அம்மா ரெண்டு நாள் அவன்கிட்ட சரியாப் பேசல. அதனால முதல் நாளே கேட்டு வைங்க, கப்பல் நேரம் மாறுமா மாறாதான்னு, ரூமுக்கு வர்ற தினசரி நிகழ்ச்சித் தாள்லயும் போட்டிருக்கும். போன்ல நேரம் தானா மாறுற வசதியை அணைச்சி வைங்க, இல்ல ஒரு சாதாரண கைக்கடிகாரம் கட்டிக்கங்க. ஆல் அபோர்ட்னு போட்டிருக்கற நேரம்தான் கடைசி, கப்பல் கிளம்பற நேரம் அதுக்கு அரை மணியோ ஒரு மணியோ கழிச்சி இருக்கும், அதைப் பார்த்து கணக்குப் போடாதீங்க. கம்பெனி வழியா எடுத்த டூர்ல, அதை ஷோர் எக்ஸ்கர்ஷன்னு சொல்லுவாங்க, பஸ் தாமதமானா பெரும்பாலும் கப்பல் காத்திருக்கும், நீங்களாப் போயி தாமதமானா காத்திருக்காது. பாஸ்போர்ட்டைக் கையில எடுத்துட்டு இறங்கணுமா, நகல் போதுமான்னும் அந்தந்த ஊருக்குக் கேட்டுக்கங்க.

காசு விஷயம். கப்பல்ல யாரும் காசை நீட்ட மாட்டாங்க, எல்லாம் கார்டைத் தட்டுறதுதான், அந்தக் கணக்குப் புத்தகம் பேரு ஃபோலியோ. தட்டறது சுலபம், அமெரிக்க டாலர்லயோ சிங்கப்பூர் டாலர்லயோ ஓடும், மலேசிய வெள்ளிக்கு மாத்திப் பார்த்தாதான் சுரீர்னு இருக்கும். தினமும் சாயங்காலம் டிவியிலயோ ஆப்லயோ ஃபோலியோவைப் பாருங்க, தப்பு இருந்தா அன்னைக்கே போய் சொல்லுங்க. கிராச்சுவிட்டின்னா நம்ம ஊர்ல வேலையை விடறப்ப குடுக்கற பணம் இல்ல, சிப்பந்திங்களுக்கான டிப்ஸ், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு தானா ஏறும், பிள்ளைங்களுக்கும் சேர்த்து வரலாம், பதினொரு பேருன்னா யோசிச்சிக்கங்க. டெபிட் கார்டைப் பதிவு பண்ணினா உங்க கணக்குல இருந்து ஒரு தொகையைப் புடிச்சி வைப்பாங்க, அது திரும்ப வர பல நாள் ஆகும், அதனால கிரெடிட் கார்டு நல்லது. காம்ப்ளிமென்டரின்னா இலவசம், ஸ்பெஷாலிட்டி டைனிங்னா தனிக் காசு, மெயின் டைனிங் ரூமும் புஃபேவும் டிக்கெட்லயே சேர்ந்தது.

இன்னொண்ணு மேரிடைம் ரோமிங். நடுக்கடல்ல போன்ல திடீர்னு சிக்னல் காட்டும், சந்தோஷப்படாதீங்க, அது கப்பலோட சேட்டிலைட் டவர், நாட்டுக்கு நாடு போடற ரோமிங் பேக்கேஜ்ல பெரும்பாலும் அது சேராது. எங்க பக்கத்து வீட்டு அங்கிளுக்கு ஒரு தடவை வாட்ஸப்ல போட்டோ போனதுக்கே நூத்துக்கணக்குல வெள்ளி பில் வந்துச்சு. கப்பல் நகர்ந்த உடனே ஃபிளைட் மோட், வேணும்னா கப்பல் வைஃபை வாங்கிக்கங்க.

சாப்பாட்டு ஹாலுக்குத் தலைவர் மேட்டர் டீ. மாட்டுக்கறி சாப்பிடாதவங்க, சைவம், வெங்காயம் பூண்டு இல்லாம வேணும்ங்கறவங்க முதல் நாள் ராத்திரியே அவரைத் தேடிப் போய் சொல்லிடுங்க, பரிமாற வர்ற தம்பிகிட்ட சொன்னா அன்னைக்கு மட்டும்தான் நடக்கும். முன்கூட்டியே புக்கிங்லயும் எழுதிடுங்க. சமையல்கூடத்துக்குப் பேரு கேலி. ரூமைச் சுத்தம் பண்றவரு ஸ்டூவர்ட். பணம், புகார், தொலைஞ்ச சாமான் எல்லாத்துக்கும் கெஸ்ட் சர்வீஸ், பழைய பேரு பர்ஸர். பிரிட்ஜ்னா பினாங்கு பாலம் இல்ல, கேப்டன் நின்னு கப்பலை ஓட்டுற இடம். பைலட்னா விமானி இல்ல, அந்தத் துறைமுகத்துத் தண்ணி தெரிஞ்ச உள்ளூர் ஆளு, சின்னப் படகுல வந்து கப்பல் ஓடிக்கிட்டு இருக்கறப்பவே பக்கத்துல தொங்குற ஏணியில ஏறி கேப்டனுக்கு வழி சொல்லுவாரு. பினாங்கை விட்டுக் கிளம்பறப்ப அவரு திரும்ப இறங்குறதைப் பார்க்கணும்னா மேல் டெக்ல நில்லுங்க, படகும் கப்பலும் சேர்ந்து ஓடும், அந்த ஆளு ஏணியில இருந்து ஒரே எட்டுல படகுக்குத் தாவுவாரு, எங்க வரிசையில நின்னவங்க அத்தனை பேரும் கை தட்டினோம்.

நம்ம ஆளுங்க வார்த்தையும் இதுல இருக்குங்க. கட்டமரன்ங்கற படகு நம்ம கட்டுமரம்தான். தோட்டத்துல வேலை வாங்கறவரைத் தண்டல்னு சொன்னாங்களே, அதுவே பழைய கப்பல்ல மாலுமிங்களுக்குத் தலைவனா இருந்தவனோட பேரு. இதைச் சொன்னப்ப அம்மா முகத்துல ஒரு பெருமை.

வேகம் நாட்ல சொல்லுவாங்க. ஒரு நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல், அது 1.852 கிலோமீட்டர். அந்தக் காலத்துல முடிச்சிப் போட்ட கயித்தைத் தண்ணியில விட்டு, குறிப்பிட்ட நேரத்துல எத்தனை முடிச்சி ஓடுதுன்னு எண்ணுவாங்க, இங்கிலீஷ்ல நாட்னா முடிச்சி, அதனால அந்தப் பேரே நிலைச்சிடுச்சு. 20 நாட்னா மணிக்கு 37 கிலோமீட்டர், 13.5 கிலோமீட்டர் பினாங்கு பாலத்தைத் தாண்ட 22 நிமிஷம் ஆகும், காடியில நாம அதுக்குள்ள ஜூரு போயிடுவோம். கிராஸ் டன்னேஜ்ங்கறது எடை இல்ல, கப்பலுக்குள்ள இருக்கற கொள்ளளவு. டைட்டானிக் 46,000 சொச்சம், இப்ப இருக்கற ஐகான் ஆஃப் தி ஸீஸ் 2,48,000க்கு மேல.

கப்பல் முன்னும் பின்னுமா ஏறி இறங்கினா பிட்ச், பக்கவாட்டுல சாஞ்சா ரோல். ரோலைக் குறைக்க தண்ணிக்கு அடியில மீன் துடுப்பு மாதிரி ரெண்டு பக்கமும் நீட்டுவாங்க, அது ஸ்டெபிலைசர். மலாக்கா நீரிணை ரெண்டு பக்கமும் நிலம் இருக்கறதால பெரும்பாலும் அமைதிதான், ஆனா ஏப்ரல்ல இருந்து நவம்பர் வரைக்கும் விடியக்காலையில சுமத்ரான்னு ஒரு புயல்காத்து இடி மழையோட சட்டுனு வந்து போகும். தலை சுத்தும்னு பயம் இருக்கறவங்க மிட்ஷிப்ல கீழ் டெக்ல ரூம் எடுங்க, ஊஞ்சலோட நடு மாதிரி அங்க ஆட்டம் கம்மி. மாத்திரையை வாந்தி வந்ததுக்கு அப்புறம் போடாதீங்க, முன்னாடியே போடணும், வேற மருந்து சாப்பிடறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்குங்க, கப்பல் மெடிக்கல் சென்டர்ல காட்டினா பில் பெருசா வரும், டிராவல் இன்சூரன்ஸ் எடுத்துட்டுப் போங்க.

கடைசி ராத்திரி லக்கேஜ் டேக்னு கலர் சீட்டு குடுப்பாங்க, அதைப் பொட்டியில கட்டி ராத்திரிக்குள்ள ரூம் வாசல்ல வச்சிட்டா அவங்களே கரைக்கு இறக்கிடுவாங்க, காலையில உங்க கலரைக் கூப்பிட்டாதான் இறங்கணும். நீங்களே பொட்டியைத் தள்ளிட்டுப் போறதுன்னா அது செல்ஃப் டிஸெம்பார்க், சீக்கிரம் இறங்கலாம். எங்க அத்தை எல்லாத்தையும் அடுக்கி வாசல்ல வச்சிட்டு படுத்துட்டாங்க, காலையில எழுந்து பார்த்தா கட்டிக்க சேலை இல்ல, நைட்டியோட நிக்கிறாங்க, அக்காவோட சுடிதாரைப் போட்டுக்கிட்டுதான் பியர்ல இறங்கினாங்க. மறுநாள் போட்டுக்கற துணி, மருந்து, பாஸ்போர்ட், போன் சார்ஜர், இது நாலும் கைப்பையில இருக்கட்டும், அப்புறம் ஃபோலியோவை ராத்திரியே ஒரு தடவை பாருங்க, காலையில கெஸ்ட் சர்வீஸ்ல வரிசை லிஃப்ட் வரைக்கும் நிக்கும்.